இரண்டு பேருக்குப் போட்ட டீ

அன்புள்ள உங்களுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

"ஏன் டீச்சர், திராட்சை உலர்த்த நான் செஞ்ச பெட்டியைப் பக்கத்துத் தோட்டத்து முத்துக்கருப்பன் பாத்துட்டா நமக்கு என்ன மிஞ்சும்?" என்று, வழக்கம்போலப் பெண்டாட்டியைக் கேலியாய் 'டீச்சர்' ஆக்கிக் கேட்டீர்களே. பதில் புனேயில் கிடைத்தது. நான் பயிற்சி வகுப்பெடுக்கும் தொழில் பூங்காவில் ஐம்பது கம்பெனிகள். எல்லாக் கதவும் மூடியே இருக்கும். ஆளுக்கொரு கப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்விடும் பொதுக் காபி மெஷின் திங்களன்று பழுது. பழக்கதோஷத்தில் உங்களுக்கும் சேர்த்து இரண்டு பேருக்குப் போட்டு எடுத்து வந்த என் டீயைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஒருவர் ஆறு மாதமாகத் தேடிய மோட்டாரை எதிர் அறைக்காரரே செய்கிறாராம்! மறுநாள் மெஷின் சரியானது; எல்லோரும் பழையபடி கதவுக்குள். இரண்டாவது டம்ளர் ஆறிப்போனது.

திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்ட உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதே முத்துக்கருப்பன்தானே? பெட்டியின் அடித்தட்டுப் பழம் பூஞ்சை பிடிக்கிறது என்றீர்களே, அதைத் தடுக்கவும் அவருக்கு வழி தெரியலாம்.

நல்ல பழமாகக் கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. இன்றே அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.

முத்துமாரியம்மாள்