பத்து லட்சத்து மூன்று

ஜூலை 9, செவ்வாய்.

நூலைக் கூம்புக் கட்டையில் சுற்றும் கோன் மெஷினின் மீட்டர் பத்து லட்சத்தைத் தொட்டதும் நிறுத்தி, பூமாலை போட்டுப் படம் எடுப்பது எங்கள் மில் வழக்கம். மாலையின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்த ஆயிஷா அக்கா நிறுத்தும்போது 10,00,003 ஆகிவிட்டது.

"நாளையிலேர்ந்து கழிவுப் பஞ்சு அள்ளுங்க" என்றார் சூப்பர்வைசர் அக்காவிடம்.

சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த எண்ணை வகுத்தேன். ஆயிரத்துக்குட்பட்ட நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களில் ஒன்றாலும் வகுபடவில்லை. பத்து லட்சம் வெறும் இரண்டும் ஐந்துமாக உதிர்ந்துவிடும். மூன்றே எண் தள்ளி, உடையாத ஒன்று, எண்ணுவதற்கு ஆள் பிறக்கும் முன்பிருந்தே நிற்கிறது. இதுவும் பகா எண்தான் என்று அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லி என்ன? அவியகிட்டச் சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். சூப்பர்வைசர் சிரித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது பதினேழால் வகுத்துக்கொண்டிருந்தார். மாலை இன்னும் அக்கா கையில்.