மடிப்பு விழாத கணக்குப் புத்தகம்

ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

தூ! என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

பதினோராம் வகுப்புக்கு ஜூன் மாதத்திலிருந்தே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத்தான் நடத்துகிறேன். பள்ளியின் உத்தரவு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தானே நாளைக்கு விளம்பரப் பலகையில் ஏறும்! இன்று ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், "அந்தப் புக்கைப் பைக்குள்ள போடுங்க, லெவன்த் புக்கை எடுங்க" என்றேன். நாற்பது பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். மடிப்புக்கூட விழாத புத்தகங்கள்.

அதிகாரி நேராக கௌசல்யாவை எழுப்பினார். வெள்ளானூரிலிருந்து வருகிற பெண். கணக்கு குரூப்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்துச் சேர்ந்தவள். சைன் எழுபத்தைந்தின் மதிப்பைக் கேட்டார். நான் நடத்தவே நடத்தாத பதினோராம் வகுப்புக் கணக்கு அது. அவளோ பலகைக்குப் போய், எழுபத்தைந்தை நாற்பத்தைந்தும் முப்பதுமாகப் பிரித்து, தப்பில்லாமல் போட்டு முடித்தாள்.

"நல்லா நடத்தியிருக்கீங்க மேடம்" என்றார் அதிகாரி. நான் வெட்கமே இல்லாமல் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன்.

அவர் போனதும், "யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்று அவளிடம் கேட்டேன்.

"யாரும் இல்ல மிஸ். ஊட்ல நானே படிச்சுகினு கீறேன். அடுத்த கணக்குலதான் ஒரு டவுட்டு. இப்ப கேக்கட்டா மிஸ்?"

பிரின்சிபால் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ட்வெல்த் புக்கை எடு" என்றேன்.

"சரி மிஸ்" என்று எடுத்தாள். முகம்கூட வாடவில்லை.