ஜெர்மனில் பதில் சொன்னது குற்றமாம்

அன்பு மகள் மாசினாவுக்கு, அபியாவிலிருந்து உன் அம்மா சூலு எழுதுகிறேன்.

கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் உன் தம்பி யோவானேயும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று சாயங்கால ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொள்கிறோம். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் நடந்ததைப் பேச வாயெடுத்தாலே குரல் ஏறிவிடுகிறது, சந்தையில் பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கடையில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது, நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மாள், அந்த டாக்மர், கூப்பிட்டாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக ஆங்கிலத்தில், உங்க மக மரியாதையில்லாம நடந்துக்கிறா, எங்க பிள்ளைங்க அழுறாங்க என்றாள். அப்படி என்ன செய்துவிட்டாள் என்று கேட்டேன். நாங்க இங்கிலீஷ்ல கேட்டா அவ ஜெர்மன்லயே பதில் சொல்றா, வாரம் பூரா இப்படித்தான் என்றாள். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன், அதையேதான் சொன்னாள். ஏம்மா, ஜெர்மன் கத்துக்க வந்த பொண்ணு ஜெர்மன்ல பேசினா அதுக்குப் பேரு மரியாதை கெட்டதனமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவ தப்புத்தப்பா பேசுறா, கேக்கவே கஷ்டமா இருக்கு, எங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பழகணும்னுதானே இவள வீட்ல வெச்சோம் என்று உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டாள். அன்றைக்கு சாயங்காலம் மீதியை நீயே ஃபோனில் சொன்னாய். மற்ற நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் ஜெர்மன் வகுப்புக்குப் போக, நீ மட்டும் அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாயாம், விருந்தாளிகள் வந்தால் தலையில் பூ வைத்துக்கொண்டு நம் தீவு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டுமாம். இத்தனை மாதம் இதை மறைத்து, எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, உன்னை என்ன சொல்வது.

மறுநாளே உன்னை ஜெர்மன் படிக்க அனுப்பி வைத்த மாணவர் பரிமாற்றச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பெனி, அதான் எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பானே, அவன், நல்ல குடும்பம்க்கா, நம்மள மாதிரி சின்ன நாட்டுக்காரங்க அனுசரிச்சுத்தான் போகணும், இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே திருப்பி அனுப்பிடுவாங்க என்றான். நாடு சின்னதா இருந்தா என் மகளும் சின்னவளாயிடுவாளா, பிள்ளை பாக்க ஆள் வேணும்னா சம்பளம் குடுத்து வெச்சுக்கச் சொல்லு, இப்பவே ஜெர்மனில இருக்கிற உங்க ஆபீசுக்கு ஃபோன் போடு என்றேன். அங்க இப்ப ராத்திரிக்கா என்றான். விடியட்டும் தம்பி, எனக்கு அவசரமில்ல என்று பாயை விரித்து அவன் மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து, போதும் சூலு, எல்லாரும் பாக்கிறாங்க, வா போகலாம் என்று கெஞ்சினார், பார்க்கட்டும் என்றேன். சாயங்காலம் வேறு வழியில்லாமல் ஃபோன் போட்டான். வேறு வீடு கிடைத்தால் நீ ஜெர்மனியிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான் என்றார்களாம். வீடு பிடிக்கிற வேலையையும் உன் தலையிலேயே கட்டினார்கள் பார், அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

உன்னோடு படிக்கும் அய்லின் வீட்டார் இடம் தருகிறார்கள் என்று நீ சொன்னதை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொன்னேன். போதகர் மனைவி, துருக்கிக்காரங்களா, வேற மதமாச்சே, பொண்ண அங்கயா விடுவே என்று முகம் சுளித்தார். டாக்மர் வீட்டுல என்ன தினமும் ஜெபக்கூட்டமா நடந்துச்சு என்று கேட்டேன், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும். இதில் இந்தப் பெனி, ஊரெல்லாம் தான்தான் வீடு பார்த்துக் கொடுத்ததாகச் சொல்லித் திரிகிறான், சந்தைப் பக்கம் வரட்டும்.

எப்படியோ அய்லின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய், அங்கே ஒழுங்காக இரு. அவர்கள் பன்றி சாப்பிடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பன்றி உண்டா என்று வாயைத் திறக்காதே. பாத்திரம் கழுவ நீயே முதலில் எழுந்திரு, ஆனால் வகுப்பு நேரத்தில் யார் என்ன வேலை சொன்னாலும் முடியாது என்று சொல், மரியாதையாகச் சொல், ஜெர்மனிலேயே சொல். நேற்று அய்லினின் அம்மா நூர்தென் ஃபோனில் முகம் காட்டிப் பேசினாளே, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, நடுவில் நீ எங்கள் இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் அவள் என்னவோ சொல்ல, நீ சிரிக்க, நீ பதிலுக்கு என்னவோ சொல்ல, அவள் சிரிக்க, இப்படியே போய் நான் ஒருத்தி இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இந்த வாரம் முழுக்க நான் கோபப்படாத இடம் அது ஒன்றுதான், ஃபோனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கர்த்தர் உன் நாவிலும் உன் வழியிலும் துணையிருப்பாராக. அப்பாவுக்குத் தனியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு, வெளியே சொல்லமாட்டார், எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைக்கும் அம்மா,
சூலு