நான் எதையும் பார்க்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருமினால் விலா எலும்பு உயிரை எடுக்கிறது. பணிமனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவள் அப்படியே விழுந்தேனாம். இதயம் நின்றுவிட்டதாம். எங்கள் மெக்கானிக்தான் நெஞ்சை அமுக்கி அமுக்கித் திருப்பிக் கொண்டுவந்தார். பார்க்க வந்தவர், "எலும்ப ஒடைச்சிட்டேன், கோவிச்சுக்காதம்மா" என்றார். சிரித்தேன். அதற்கும் வலித்தது.

மார்ச் 6

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. வெளிச்சம் தெரிஞ்சுதா? யாராவது கூப்பிட்டாங்களா? ஒன்றும் தெரியவில்லை என்றால் முகம் சுருங்குகிறது. ஏதோ ஊர்சுற்றப் போய் வெறுங்கையோடு திரும்பிய மாதிரி.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் இருட்டுகூட இல்லை. அவ்வளவுதான்!

மார்ச் 7

அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்கும் இதே இதயம்தான். கடைக்குள் தனியாக இருந்தான். அமுக்க ஆளில்லை.

மார்ச் 9

சித்தி வந்தாள். "தம்பியப் பாத்தேன், நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி. அக்கா நிம்மதியா கண்ண மூடுவா."

"அம்மா இப்போதைக்குக் கண்ண மூட வேண்டாம் சித்தி."

"திமிரு. செத்துப் பொழைச்சும் அடங்கல பாரு."

அடங்க மாட்டேன். அவன் என் தம்பி. அவனை வைத்துக் கதை கட்ட மாட்டேன்.

மார்ச் 11

சித்தி தானாகவே சொல்லிவிட்டிருக்கிறாள்! அம்மா முகமெல்லாம் மலர வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "சிரிச்சானாமே? என்ன சட்டை போட்டிருந்தான்?"

என்ன சட்டை— ஐயோ. நீலம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நான் அவனப் பாக்கலம்மா. சித்தி சொன்னது பொய்."

எழுந்து போய்விட்டாள். நான் செய்தது சரிதானே? சரியாவது மண்ணாவது— அவ மூஞ்சிய நான்தானே பாத்தேன்.

மார்ச் 12

அம்மா கஞ்சியைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 14

தட்டு கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "விழுந்தப்போ வலிச்சுதா?"

"இல்லம்மா. வலியெல்லாம் முழிச்சப்புறந்தான்."

"என்னை நெனச்சியா?"

இதற்கும் பொய் சொல்லவில்லை. "எதையுமே நெனைக்கல."

குழாயை மூடினாள். "அம்மா அம்மான்னு கூப்பிட்டிருப்பான், யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சு நெனச்சுத்தான்டி நான் தூங்கறதில்ல. கூப்பிட்டிருக்க மாட்டான்தானே?"

"எனக்கு நடந்ததத்தான் சொல்ல முடியும்மா. நான் யாரையும் கூப்பிடல."

ஈரக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அவன் போனதற்குப் பிறகு முதல் தடவை.

மார்ச் 20

சித்தி நாலு பேரைக் கூட்டி வந்தாள், என் வாயால் கேட்க. நான் எழுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள்.

"அவ ஒண்ணும் பாக்கல. நீயும் பாத்ததில்ல. டீ குடிக்கிறதுன்னா உள்ள வாங்க."

வந்தார்கள். அம்மா தம்பியைப் பற்றிப் பேசினாள். எப்படிப் போனான் என்றல்ல. சின்ன வயதில் என் செருப்பை ஒளித்துவைத்து அடி வாங்கினதை. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.