வலிக்கிறதா என்று கேட்டபோது

அன்பு லூபே,

உனக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் விட்டதா? நான் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பயப்படாதே. தூக்கி எறியச் சொன்னாயே, அந்த ஓட்டை ஜட்டியைப் போன செவ்வாய்க்கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் மூன்று நர்சுகள் கூடி நின்று கத்தரியால் வெட்டி எடுத்தார்கள்.

ஆப்பிள் தோட்டத்துச் சரிவில் நாலு சக்கர பைக் என்மேல் கவிழ்ந்துவிட்டது. தொடை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. கைப்பிடி குத்திய வயிற்றில் வெளியே கீறல்கூட இல்லை. நர்ஸ் ட்ரேசி மணிக்கொரு தரம் அங்கே அழுத்தி, "வலிக்குதா?" என்பாள். மூச்சுக்கு மாட்டிய முகமூடிக்குள் பேச முடியாமல், நம் டோங்கா வழக்கப்படி புருவத்தைத் தூக்குவேன். வலி இல்லை என்று எழுதிக்கொண்டு போவாள்.

மத்தியானம் வயிறு பலகைபோல இறுகிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அப்போதுதான் நம் ஊர்த் தெவிதா தோட்டத்திலிருந்து பார்க்க வந்தான்.

"சிஸ்டர், எங்க ஊர்ல புருவத்தைத் தூக்குனா ஆமான்னு அர்த்தம். இந்தக் கழுதை காலைலேர்ந்து ஆமா ஆமான்னு கத்திக்கிட்டிருக்கு."

ட்ரேசி டாக்டரிடம் ஓடினாள். மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. ஆபரேஷன் செய்து மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள்.

தையலில் கால்சட்டை உரசுகிறது. இடுப்பில் சுற்ற, பெரியவன் கட்டிக்கொண்டு திரியும் என் பழைய துப்பேனுவை, இங்கே வரப்போகும் தெவிதாவின் தங்கையிடம் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

கட்டு மாற்ற ட்ரேசி வந்துவிட்டாள். அன்று ஆபரேஷன் அறை வாசலில் இவள்தான் முகமூடியை விலக்கி, "பயமா இருக்கா, விலியாமி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல" என்றேன். புருவம் இரண்டும் மேலே போயின.

உன் விலியாமி