பொய் சொல்லாத தையல்காரக்கா

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. புத்த மடத்தில் இருப்பவளுக்கு இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு வேறு விதமாக எழுத வராது.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். கஞ்சி மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து நோட்டில் குறித்துவிடுகிறேன். முதுகில் புண் இல்லை. என் இடுப்புதான் விட்டுப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் மாதா கோயில் ஆட்கள் நாலு பேரும் புத்த மதத்தார் மூன்று பேரும் நம் வீட்டு முன்னறையில் கூடுகிறார்கள். நான் வெளியே போக முடியாதென்று எங்கள் பங்குச் சாமியார் செய்த ஏற்பாடு. அரை மணி மௌனம், பிறகு பேச்சு. போன வாரம் மௌனத்தில் தூங்கிவிட்டேன். குறட்டை வேறாம். அம்மாவைப் புரட்டும் நேரம் தாண்டியதைப் பார்த்து, அடுத்த தெருத் தையல்காரக்கா சத்தமில்லாமல் எழுந்து அம்மாவிடம் போயிருக்கிறார். அவர் உங்கள் மதம். முடியை ஒட்ட வெட்டியிருப்பார். அலமாரியில் இருக்கும் உன் மொட்டைத்தலைப் படத்தையே பார்த்துக் கிடக்கும் அம்மா, "வந்துட்டியாடி?" என்று கேட்டாளாம்.

அவர் பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

பேச்சில் அதையே எடுத்தார்கள். "நானா இருந்தா வந்துட்டேன்னு சொல்லிட்டு, அப்புறம் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டிருப்பேன்" என்றார் சாமியார். "உங்களுக்கு மன்னிக்க ஆள் இருக்கு சாமி. நான் பொய் சொல்ல மாட்டேன்னு எனக்கே வாக்குக் குடுத்தவ. இல்லைன்னு சொல்லவும் வாய் வரல. கைதான் இருந்துச்சு" என்றார் தையல்காரக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா தினமும் கேட்கிறாள். "நாளைக்கு வருவா" என்று தினமும் சொல்கிறேன். சனிக்கிழமை சாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதையே சொல்கிறேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டதில்லை. கேட்டால், அதையும் அந்த நோட்டில்தான் குறித்து வைத்திருக்கிறேன்: நாற்பத்தொன்று.

வீட்டோடு வந்துவிடு என்று நான் கேட்கவில்லை. அந்தச் சண்டைக்கு இனி எனக்குத் தெம்பில்லை. மொட்டையோடு, அந்த உடையோடு, அப்படியே வா. ஒரு நாள் போதும். "வந்துட்டியாடி?" என்று கேட்டால், வாக்குத் தவறாமல் ஆமாம் என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

நீ போன வழியில் உனக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். இன்றைக்கும் சொல்லிவிட்டேன், நாளைக்கு வருவாய் என்று.

உனக்காக ஜெபிக்கும்,
அக்கா