தங்கச்சியின் லப்டொப்பைத் திருத்தவா, விடவா

என் கண்ணான தங்கச்சி வசந்திக்கு,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்தில் அக்கா ஒரு பக்கம் எழுதத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரி. உன் குணத்தையும் படிப்பையும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் உன் லப்டொப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வேறொன்றும் எனக்கு இப்போது தலைக்குள் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகச் சொன்னது அதுதானே. "அக்கா, உங்களுக்கெண்டு ஒண்டு லப்டொப்பில எழுதி வச்சிருக்கிறன். வீட்டை போய்ப் பாருங்கோ." நான், "கதையாதை, களைக்கும்" என்றேன். என்ன எழுதினாய் என்று கேட்டிருக்கலாம். அடுத்தநாள் உன்னைப் பெட்டியில் வைத்துத்தான் நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தோம்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தேன். கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், நீ கேட்டுக்கேட்டுத் தின்னுகிற ஒடியல் புட்டு. எந்நேரமும் உன் கையில் இருந்த சாமான் என்று லப்டொப்பையும் திறந்து உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் ஓர் இளநீர், வாய் வெட்டினபடி. நீ வந்து சாப்பிடட்டும் என்று விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியில் நின்றோம்.

கதவைத் திறந்தபோது இளநீர் சரிந்து கிடந்தது. எழுத்து அடிக்கிற இடம் முழுக்க நனைந்து, கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியே, பிள்ளை வந்து குடிச்சிட்டுப் போட்டாள்" என்று அடுத்த வீட்டுக் கமலாக்கா அழத் தொடங்கினா. பெரியப்பா விடவில்லை. "ஓமோம், குடிச்சவள் கணவாயையும் திண்டிருப்பாளே. அடி சீவாத இளநீர் எப்பிடியடி நிக்கும்? இல்லாட்டி உன்ர பூனைதான்." அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதான் தள்ளினாயா? அக்கா அதை வாசிக்கக் கூடாது என்று தள்ளினாயா?

சீலையால் துடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதோ என்று பார்க்க சுவிச்சை அமத்தினேன். வெளிச்சம் ஒருக்கால் வந்து, கரிந்த மணம் மணத்து, நின்றுவிட்டது. பிறகு அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். போன கிழமைதான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். அதுவும் கமலாக்கா பிடித்து இழுத்துக் கடல் கடக்கிற போட்டில் ஏற்றினதால்.

லப்டொப் திருத்துகிற கடைக்காரத் தம்பி கழற்றிப் பார்த்தார். உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது.

"என்னம்மா ஊத்தினனீங்கள்?"

"இளநீர்."

"தண்ணியெண்டாலும் பரவாயில்லை. இளநீரில சீனியும் இருக்கு, உப்பும் இருக்கு. சுவிச்சும் போட்டனீங்களோ?"

"ஓம்."

"அதைத்தான் செய்யக்கூடாது." தலையைச் சொறிந்தார். "எழுதினதெல்லாம் இருக்கிற துண்டும் இந்தப் போர்ட்டோட ஒட்டித்தான் கிடக்கு. தனிய எடுக்க ஏலாது. கழுவிக் கரண்ட் குடுத்துப் பாக்கலாம். வந்தால் வரும். இல்லையெண்டால் உள்ளுக்கு இருக்கிறதும் போயிடும். செய்யட்டோ, விடட்டோ?"

"நாளைக்குச் சொல்லுறன் தம்பி" என்றேன்.

"கெதியாச் சொல்லுங்கோ. வச்சிருக்க வச்சிருக்க அரிக்கும்."

நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் போய்விட்டது. அது திரும்பி வராமல் போய்விடும் என்று மட்டுமில்லை வசந்தி, வந்துவிடும் என்றும் பயம். ஏன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாதா? அதுதான் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு வயிறு குத்தியபோது இங்கே டொக்டர், "உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ" என்றார். அன்றைக்குக் காற்று. எனக்குக் கடலென்றால் ஈரக்குலை நடுங்கும். வாயுக்குத்துத்தானே, மல்லித்தண்ணிக்கு அடங்கும் என்று நினைத்தேன். உன்னிடம் வந்து, "இண்டைக்குப் போட் ஓடேல்லையாம். நாளைக்குப் பாப்பம்" என்றேன். அடுத்தநாளும் அதையே சொன்னேன்.

போட் ஓடினது. இரண்டு நாளும் ஓடினது.

இரண்டாம் நாள் பின்னேரம் கமலாக்கா அந்தப் போட்டில்தான் போய்வந்து, நம் முற்றத்தில் நின்று, "கடல் அப்பிடி ஒண்டுமில்லையடி, சும்மா தாலாட்டினமாதிரித்தான்" என்று சத்தமாய்ச் சொன்னா. உன் அறை யன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்தபடி லப்டொப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோவிலா? கேட்டுவிட்டதாலா?

மூன்றாம் நாள் உன்னைக் கொண்டுபோனோம். பிந்திப்போச்சு என்றார்கள்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது உன் அந்தியேட்டியில் சாப்பிட வருகிற எல்லாரும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

இன்று காலை கடைக்காரத் தம்பியே போன் எடுத்தார். "என்னம்மா, முடிவெடுத்தனீங்களோ?" நாளைக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை, தங்கச்சி. உன் அறை வாசலில் நின்று நான் சொன்ன சொல்லும் அதுதானே. "நாளைக்குப் பாப்பம்."

"செய்யும் தம்பி" என்றேன்.

"வந்தால் நான் திறந்து வாசிச்சுச் சொல்லட்டோ? உங்களுக்கு வாசிக்கக் கஷ்டமெண்டு உங்களோட வந்த அந்த அக்கா சொன்னவ."

"வேண்டாம். நீர் ஒண்டையும் வாசிக்காதையும். நான் வாறன்."

மத்தியானத்துக்குப் பிறகு கழுவிக் கரண்ட் கொடுப்பாராம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் பக்கத்தில் கிடக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.

அது வந்தால், நாளைக் காலைப் போட்டில் நான் தனியப் போவேன். காற்று எப்படி அடித்தாலும் போவேன். எழுத்தெழுத்தாய்க் கூட்டி நானே வாசிப்பேன். நீ என்னைத் திட்டியிருந்தால், திட்டு முடியும்வரை வாசிப்பேன். பாதியில் மூடமாட்டேன். வராமல் போனால், அன்றைக்குக் கமலாக்கா சொன்னதை நீ கேட்டுக்கொண்டுதான் கிடந்தாய் என்றே எடுத்துக்கொள்வேன். தெரியாது என்று சொல்லி என்னை நானே தேற்றமாட்டேன். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்து,
உன்னிடம் பொய் சொன்ன
உன் அக்கா